ஆடுகிற ஸ்க்ரூவை இறுக்குவதற்கு முன்னால் ஓட்டைக்குள் பாருங்கள்

துண்டு போடும் கம்பி ஆடும், கண்ணாடியைத் தாங்குகிற கொக்கி சுவரை விட்டு வெளியே எட்டிப் பார்க்கும், திரைச்சீலைக் கம்பியின் ஒரு பக்கம் தாழ்ந்து தொங்கும். உடனே வீட்டில் யாராவது ஸ்க்ரூ டிரைவரை எடுத்து இறுக்குவார்கள். ஸ்க்ரூ சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும், இறுகவே இறுகாது. அப்புறம் ஓட்டைக்குள் இரண்டு தீக்குச்சியைச் செருகுவார்கள், இல்லையென்றால் இன்னும் தடிமனான ஸ்க்ரூவைத் தேடுவார்கள். கொஞ்ச நாள் நிற்கும். மறுபடியும் அதே இடத்தில் கழன்று வரும், இந்தத் தடவை ஓட்டை முன்பைவிடப் பெரிதாக இருக்கும்.

எங்கள் வீட்டிலும் சொந்தக்காரர்கள் வீடுகளிலும் இந்தச் சின்னச் சின்ன வேலைகளைப் பல வருடமாக நான்தான் செய்கிறேன். அந்த அனுபவத்தில் ஒன்றை அடித்துச் சொல்வேன். ஆடுகிற ஸ்க்ரூவை இறுக்காதீர்கள், முதலில் கழற்றுங்கள். அது ஏன் ஆடியது என்பது ஓட்டைக்குள்ளும், ஸ்க்ரூவைப் பிடிப்பதற்காக ஓட்டைக்குள் செருகியிருக்கிற பிளாஸ்டிக் பிளக்கின் மேலும் எழுதியிருக்கும். காரணம் தெரிந்துவிட்டால் எப்படிச் சரி செய்வது என்பது பெரும்பாலும் தானாகத் தெரிந்துவிடும்.

எங்கள் வாஷ்பேசின் பக்கத்துத் துண்டுக் கம்பியை எடுத்துக்கொள்கிறேன். சாதாரணப் பூச்சுச் சுவர், டைல்ஸ் கிடையாது. கம்பியின் இரண்டு முனையிலும் ஒரு சின்னத் தகடு, தகட்டுக்கு இரண்டு ஸ்க்ரூ. ஒரு முனை நன்றாக ஆடியது. ஸ்க்ரூவைக் கழற்றிவிட்டு, அதையே திரும்பவும் பிளக்குக்குள் நாலைந்து சுற்று மட்டும் திருகி, தலையைக் குறடால் பிடித்து நேராக இழுத்தேன். பிளக் முழுசாக வந்துவிட்டது. (பிளக்கை எடுக்க இதைவிடச் சுலபமான வழி கிடையாது. ஸ்க்ரூ டிரைவரால் ஓரத்தில் நோண்டினால் பூச்சுதான் உடையும்.) வந்த பிளக்கை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால், சுவரின் வெளிப்பக்கம் இருந்த பாதியில் பற்களுக்கு நடுவே வெள்ளைப் பூச்சுத் தூள் அப்பியிருந்தது. உள்ளே இருந்த கடைசிப் பகுதி புதுசு மாதிரியே இருந்தது. ஒரு கீறல் இல்லை, விரியக்கூட இல்லை. ஸ்க்ரூ அங்கே போய்ச் சேரவே இல்லை என்று அர்த்தம்.

கணக்குப் போட்டால் புரியும். அது 6 மி.மீ. பிளக், நீளம் 30 மி.மீ. கம்பியோடு பெட்டியில் வந்த ஸ்க்ரூவின் நீளம் 25 மி.மீ. அதில் தகட்டின் கனம் 3 மி.மீ. போனால் சுவருக்குள் போவது 22 மி.மீ.தான். உட்சுவர்ப் பூச்சு பொதுவாக 12 முதல் 15 மி.மீ. வரை இருக்கும். ஆக, அந்தக் கம்பி இத்தனை நாளும் பூச்சைப் பிடித்துத்தான் நின்றிருக்கிறது. செங்கலை அது தொட்டதே பெயருக்குத்தான்.

இந்த பிளக் எப்படிப் பிடிக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. பிளக்கின் உடல் நடுவில் பிளந்திருக்கும். ஸ்க்ரூ உள்ளே போகப் போக அந்தப் பிளவு விரிந்து ஓட்டையின் பக்கங்களை அழுத்தும். அந்த அழுத்தத்தால் வருகிற உராய்வுதான் பிடிப்பு. விரிய வேண்டிய பகுதி உள்பக்கம் இருக்கிறது, வாய்ப்பக்கம் இல்லை. அதனால் ஸ்க்ரூவின் முனை பிளக்கைத் தாண்டி ஒரு துளியாவது வெளியே எட்டிப் பார்க்க வேண்டும். நான் வைத்திருக்கிற கணக்கு இதுதான்: மாட்டும் பொருளின் கனம், பிளக்கின் நீளம், அதோடு ஸ்க்ரூவின் விட்டம், மூன்றையும் கூட்டினால் ஸ்க்ரூவின் நீளம். 3 மி.மீ. தகடு, 40 மி.மீ. நீளமுள்ள 8 மி.மீ. பிளக், 5 மி.மீ. தடிமன் ஸ்க்ரூ என்றால் 48 வருகிறது, 50 மி.மீ. ஸ்க்ரூ வாங்கினால் சரியாக இருக்கும். ஓட்டையை பிளக்கைவிட ஒரு 10 மி.மீ. ஆழமாகப் போட வேண்டும், ஸ்க்ரூவின் முனைக்கும் கொஞ்சம் தூளுக்கும் இடம் வேண்டுமே.

இந்த பிளக்குக்கு நூறு வருடத்துக்கு மேல் வயசாகிறது. பிரிட்டிஷ் மியூசியத்தில் சுவரைக் கெடுக்காமல் மின்சார ஃபிட்டிங்குகளைப் பொருத்தும் வேலை வந்தபோது ஜான் ஜோசஃப் ராலிங்ஸ் என்பவர் 1911 வாக்கில் சணல் நாரை வைத்து இதைச் செய்தார். அவர் பெயரிலிருந்து வந்ததுதான் நாம் சொல்கிற ராவல் பிளக். அதற்கு முன்பு சுவரைக் கொத்தி, மரக்கட்டையை அடித்து இறக்கி, அதில்தான் ஸ்க்ரூ போட்டார்கள். இன்று நாம் பார்க்கிற நைலான் பிளக் 1958-ல் ஆர்தர் ஃபிஷர் கொண்டுவந்தது. ஒரு ரூபாய்க்கும் மதிக்காமல் தூக்கிப்போடுகிற அந்தச் சின்னத் துண்டின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. சரியான அளவில், சரியான ஆழத்தில் போட்டால் அது பல வருடம் அசையாது.

சரி, காரணங்களுக்கு வருவோம். குட்டை ஸ்க்ரூ என்பது ஒரு காரணம். இன்னொன்று, பளு எந்தத் திசையில் இழுக்கிறது என்பது. நேர் கீழ்நோக்கி இழுக்கிற பளுவை ஒரு ஸ்க்ரூ சாதாரணமாகத் தாங்கிவிடும். சுவரை விட்டு வெளியே பிடுங்குகிற இழுப்புதான் பிளக்குக்கு எமன். தட்டுப் பலகை விஷயத்தில் இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. 30 செ.மீ. அகலப் பலகை, அதன் மேல் பரவலாக 10 கிலோ, பிராக்கெட்டின் அடிமுனையிலிருந்து மேல் ஸ்க்ரூ வரை 10 செ.மீ. உயரம் என்று வையுங்கள். பளுவின் மையம் சுவரிலிருந்து 15 செ.மீ. தள்ளி இருக்கிறது, ஆகவே மேல் ஸ்க்ரூக்களை வெளியே பிடுங்குகிற இழுப்பு 15 கிலோ. அதே 10 கிலோவைப் பலகையின் விளிம்பில் வைத்தால் 30 கிலோ. சுத்தியலின் பின்பக்கத்தால் ஆணியைப் பிடுங்குகிறோமே, அதே வேலையைத்தான் பலகை நாள் முழுக்கச் செய்துகொண்டிருக்கிறது. பிராக்கெட்டின் உயரத்தை 20 செ.மீ. ஆக்கினால் இழுப்பு பாதியாகிவிடும். அடிக்கடி கழன்றுவந்த ஒரு பலகைக்கு நான் பிளக்கை மாற்றவில்லை, உயரமான பிராக்கெட் வாங்கி மேல் ஸ்க்ரூவைப் புது இடத்தில் போட்டேன். அதற்கப்புறம் அதைத் தொட வேண்டியே வரவில்லை.

அக்கா வீட்டுத் திரைச்சீலைக் கம்பியின் கதை வேறு மாதிரி. ஜன்னலுக்கு மேலே இருப்பது பெரும்பாலும் கான்கிரீட் லிண்டல். அங்கே செங்கலில் ஓட்டை போடுகிற டிரில்லை வைத்து அழுத்தினால் பூச்சு வரை வெண்ணெயாகப் போகும், அப்புறம் நின்றுவிடும். வேலைக்கு வந்தவர் அத்தோடு விட்டுவிட்டு, பிளக்கைப் பாதியாக வெட்டிச் செருகி, அதற்கேற்ற குட்டை ஸ்க்ரூவைப் போட்டுவிட்டுப் போயிருந்தார். கழற்றினால் அரை பிளக் கையோடு வந்தது. ஓட்டையின் அடியில் சாம்பல் நிறத்தில் கான்கிரீட் தெரிந்தது, அதில் டிரில் லேசாகச் சுரண்டிய தடம் மட்டும். “மூணாவது தடவைடா இது, ஒரேயடியா வேற சுவர்ல மாட்டிடலாமா?” என்றார் அக்கா. வேறு சுவர் தேவைப்படவில்லை. இடித்துக்கொண்டே சுற்றுகிற ஹேமர் வசதியுள்ள டிரில் மிஷினும், அதில் மாட்டுகிற துளைக்கும் முனையான பிட் கூராகவும் நல்லதாகவும் இருப்பதும்தான் தேவைப்பட்டது. அதே ஓட்டையை முழு ஆழத்துக்கு இறக்கி முழு பிளக் போட்டோம். கான்கிரீட்டில் பிடித்துவிட்டால் அதைப் போல உறுதி வேறு எதிலும் கிடையாது. ஒரு இடத்தில் மட்டும் கான்கிரீட்டுக்குள் இருக்கிற இரும்புக் கம்பி தட்டியது. உள்ளே கம்பி தட்டினால் முட்டி மோதாமல் இரண்டு மூன்று செ.மீ. தள்ளிப் போட்டுவிடுவது நல்லது.

டிரில் போடும்போது வெளியே வருகிற தூளைப் பாருங்கள், சுவருக்குள் என்ன இருக்கிறது என்று அதுவே சொல்லிவிடும். முதலில் வருகிற வெள்ளையோ வெளிர் சாம்பலோ புட்டியும் பூச்சும். அடுத்துச் சிவப்பாக வந்தால் செங்கல், நல்ல சேதி. சாம்பல் நிறத்தில் மணலாகக் கொட்டி, டிரில் சுலபமாக உள்ளே போனால் இரண்டு செங்கலுக்கு நடுவிலுள்ள கலவை இணைப்பில் விழுந்திருக்கிறீர்கள், அங்கே பிடிப்பு குறைவு. சாம்பல் தூளோடு டிரில் திணறினால் கான்கிரீட். திடீரென்று எதிர்ப்பே இல்லாமல் பொத்தென்று உள்ளே விழுந்தால் ஹாலோ பிளாக்கின் வெற்றிடம். இலேசான, மாவு போன்ற தூள் நிறைய வந்தால் ஏஏசி பிளாக், அதாவது உள்ளே காற்றுக் குமிழ்கள் நிறைந்த இலேசான கான்கிரீட் கல். கடைசி இரண்டிலும் ஹேமரை அணைத்துவிட்டுச் சும்மா சுற்ற மட்டும் விடுங்கள். இடித்து இடித்துப் போட்டால் ஹாலோ பிளாக்கின் உள்பக்கம் பெயர்ந்து விழுந்துவிடும், ஏஏசியில் ஓட்டை அகலமாகிவிடும். இந்தச் சுவர்களுக்கு சாதாரண பிளக் ஒத்துவராது. ஹாலோ பிளாக்குக்கும் ஜிப்சம் போர்டுக்கும் பின்பக்கம் போய் இறக்கை விரிக்கிற டாகிள் வகை, ஏஏசிக்கு அதற்கென்றே மரை அகலமாக வருகிற வகை இருக்கிறது, அவற்றைக் கேட்டு வாங்க வேண்டும். ஜிப்சம் போர்டுக்குப் பின்னால் இருக்கிற இரும்புச் சட்டத்தில் ஸ்க்ரூ பிடிக்கிற மாதிரி இடத்தைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் அதற்கு ஈடு இல்லை.

இப்போது பெரிதாகிப்போன ஓட்டையைச் சரி செய்வது. ஓட்டை இன்னும் வட்டமாக, ஓரங்கள் கெட்டியாக இருந்தால் அடுத்த அளவுக்குப் போவதுதான் முதல் வழி. 6 மி.மீ. ஓட்டையை 8 மி.மீ. பிட்டால் அகலப்படுத்தி, ஆழத்தையும் கூட்டி, 8 மி.மீ. பிளக்கும் அதற்கேற்ற 5 மி.மீ. ஸ்க்ரூவும் போட வேண்டும். பிளக்கை மட்டும் பெரிதாக்கிவிட்டுப் பழைய ஸ்க்ரூவையே போடுகிறவர்கள் நிறையப் பேர், ஸ்க்ரூ மெலிதாக இருந்தால் பிளக் விரியாது. துண்டுக் கம்பிக்கு நான் செய்தது இதைத்தான். ஓட்டையிலுள்ள தூளை ஊதி எடுத்துவிட்டு பிளக்கைப் போட வேண்டும், கண்ணில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய சைக்கிள் பம்பு இருந்தால் அது இந்த வேலைக்கு அருமையான கருவி. பிளக்கைச் சுத்தியலால் மெதுவாகத் தட்டினால் இறுக்கமாக உள்ளே போக வேண்டும். விரலால் தள்ளியே உள்ளே போனால் ஓட்டை பெரிசு. கடைசிச் சுற்றுகளைக் கையால்தான் இறுக்க வேண்டும். மிஷினால் இறுக்கினால் பிளக்கின் உள்பக்கம் சீவிப்போவது நமக்குத் தெரியாது, கையில் அந்த எதிர்ப்பு தெரியும்.

ஓட்டை உடைந்து, கிண்ணம் மாதிரி ஆகிவிட்டால் அளவைக் கூட்டிப் பயனில்லை. அங்கே இரண்டு பகுதிகளாக வருகிற எபாக்ஸி புட்டியைத்தான் நான் நம்புகிறேன், எம்-சீல் மாதிரி. உதிர்கிற எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துவிட்டு, தூளில்லாமல் காய்ந்த ஓட்டையில், நிறம் ஒன்றாகும் வரை பிசைந்த புட்டியைத் திணித்து, அதன் நடுவில் பிளக்கை அழுத்தி, வழிகிறதை வழித்துவிட்டு அப்படியே ஒரு இரவு விட்டுவிடுங்கள். பிளக்கின் வாய்க்குள் புட்டி போகாமல் ஸ்க்ரூவை இரண்டு சுற்று மட்டும் செருகி வைக்கலாம், அதில் கொஞ்சம் கிரீஸ் தடவியிருந்தால் பிறகு கழற்றச் சிரமம் இருக்காது. கையில் உறை போட்டுக்கொண்டு பிசையுங்கள், தோலுக்கு ஆகாது.

சிமெண்ட் வைத்து அடைக்கலாமா என்றால் அடைக்கலாம், ஆனால் அதற்குப் பொறுமை வேண்டும். ஓட்டையைச் சுத்தம் செய்து நன்றாக நனைத்துவிட்டு, சிமெண்டும் மணலும் கெட்டியாகக் கலந்து குச்சியால் குத்திக் குத்தி அடைக்க வேண்டும். மேலே பூசிவிட்டால் உள்ளே காற்றுதான் இருக்கும். சிமெண்டின் முழு வலிமையை 28 நாளில்தான் கணக்கிடுகிறார்கள். ஒரு வாரத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வந்துவிடும். அதனால் குறைந்தது ஒரு வாரமாவது ஈரமாக வைத்துவிட்டு, அப்புறம் டிரில் போடுங்கள், அதுவும் முதலில் மெல்லிய பிட், பிறகு சரியான அளவு. மறுநாளே டிரில் போட்டால் அடைத்தது மொத்தமாகக் கழன்று வந்துவிடும். சுவருக்கு அடிக்கிற புட்டியாலோ பாரிஸ் சாந்தாலோ அடைத்துவிட்டு அதில் பிளக் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு நிஜமாகவே கோபம் வரும். அவை சுவரின் முகத்தை மெழுகுவதற்கானவை, பளுவைத் தாங்க ஆகாது. இனி வேண்டாத ஓட்டையை மூடுவதற்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

மரக்கட்டை இன்றைக்கும் கெட்ட வழி இல்லை. நன்கு காய்ந்த கெட்டி மரத்தில் லேசாகக் கூம்பாகச் சீவி, அடித்து இறக்கி, நடுவில் மெல்லிய ஓட்டை போட்டு ஸ்க்ரூ போட்டால் காய்ந்த சுவரில் நன்றாக நிற்கும். ஈரமும் காய்ச்சலும் மாறி மாறி வருகிற இடத்தில் மரம் ஊதிச் சுருங்கித் தளர்ந்துவிடும், கரையான் உள்ள சுவரில் யோசிக்கவே வேண்டாம். தீக்குச்சி செருகுவதெல்லாம் சாவிக்கொத்து மாட்டுகிற கொக்கி மாதிரி இலேசான சாமானுக்குச் சரி.

சில சமயம் அந்த இடத்தையே விட்டுவிடுவதுதான் புத்திசாலித்தனம். சுற்றிலும் பூச்சைத் தட்டினால் டொக் டொக் என்று வெற்றாக ஒலிக்கும், தட்டத் தட்ட மணல் உதிரும். அப்படிப்பட்ட சுவரில் ஒரு கனமான கோட் மாட்டும் ஸ்டாண்டுக்கு நான் செய்தது, நீளமான ஒரு பலகையைக் கெட்டியான செங்கல் கிடைத்த இடங்களிலெல்லாம் நீள ஸ்க்ரூவால் சுவரோடு பிணைத்து, ஸ்டாண்டை அந்தப் பலகையில் மாட்டியதுதான். ஓட்டைகளைப் பழைய துளைகளுக்கு ஒட்டியே போடாதீர்கள், இரண்டு ஓட்டைக்கும் நடுவில் உள்ள செங்கல் வெடித்துவிடும். சுவரின் விளிம்பிலும் அதே பிரச்சினை. ஓட்டை போடுமுன் ரசமட்டம் வைத்துப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், பலகை கோணலாக நின்றால் தினமும் கண்ணை உறுத்தும்.

சுவரில் உப்புப் பூத்து, பெயிண்ட் கொப்புளித்திருந்தால் முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். அங்கே சாதாரண இரும்பு ஸ்க்ரூ துருப்பிடித்து ஊதி, பிளக்கைச் சுற்றியுள்ள பூச்சையும் விரிசல் விட வைக்கும். தண்ணீர் படுகிற இடத்திலெல்லாம் எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஸ்க்ரூதான்.

டைல்ஸ் மேல் ஓட்டை போடுவதற்கு ஒரு மாஸ்கிங் டேப்பை ஒட்டி அதன் மேல் குறித்துக்கொண்டால் பிட் வழுக்காது. டைல்ஸ் தாண்டும் வரை ஹேமர் கூடவே கூடாது, டைல்ஸுக்கென்றே வருகிற பிட்டால் மெதுவாகச் சுற்றி, தாண்டிய பிறகு செங்கல் பிட்டுக்கு மாறலாம். பிளக்கின் வாய் டைல்ஸின் கனத்துக்குள் நிற்கக் கூடாது, அதைத் தாண்டி உள்ளே தட்டி இறக்க வேண்டும், இல்லையென்றால் ஸ்க்ரூ இறுகும்போது விரிகிற பிளக் டைல்ஸையே பிளந்துவிடும். உள்ளே இறக்கிய அளவுக்கு ஸ்க்ரூவின் நீளத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள். தகட்டுக்குப் பின்னால் கொஞ்சம் சிலிகான் தடவினால் ஓட்டைக்குள் தண்ணீர் இறங்காது.

எங்கே டிரில் போட்டாலும் அதற்கு முன் சுவிட்ச் பெட்டியும் குழாயும் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். ஒயர் பெரும்பாலும் பெட்டியிலிருந்து நேர் மேலே அல்லது கீழே, சில வீடுகளில் பக்கவாட்டிலும் போகும். குழாயும் வாய்க்கு நேர் மேலேயோ கீழேயோ சுவருக்குள் ஓடியிருக்கும். அந்த நேர்க்கோடுகளில் ஓட்டை வேண்டாம். சந்தேகமாக இருந்தால் அந்தப் பகுதியின் மின்சாரத்தை அணைத்துவிட்டு, வேறு இடத்திலிருந்து ஒயர் இழுத்து டிரில்லை ஓட்டுங்கள்.

கடைசியாக, நான் ஒட்டுப்போட்டுச் சரி செய்யாத சாமான்கள் சில உண்டு. வயதானவர்கள் குளியலறையில் பிடித்து எழுந்திருக்கும் கைப்பிடி, தண்ணீர் நிரம்பியிருக்கிற கீசர், பாத்திரம் நிறைந்த சுவர் அலமாரி. இவற்றின் பழைய ஓட்டையில் புட்டியும் பிளக்கும் போட்டு ஒப்பேற்றக் கூடாது. 15 லிட்டர் கீசரில் தண்ணீர் மட்டுமே 15 கிலோ, அதன் உடல் கனம் தனி. கைப்பிடியில் விழுவது, வழுக்குகிற ஒருவரின் மொத்த எடை, அதுவும் ஒரே உலுக்கலில். இவற்றுக்குப் பழைய ஓட்டையை விட்டுத் தள்ளி, நல்ல செங்கலிலோ கான்கிரீட்டிலோ புது ஓட்டை போட்டு, அந்தச் சுவருக்கு ஏற்ற ஆங்கர் போல்ட்டோ (ஓட்டைக்குள் விரிந்து பிடிக்கிற இரும்பு போல்ட்) ரசாயன ஆங்கரோ (பசையால் ஓட்டைக்குள் ஒட்டிப் பிடிக்கிற போல்ட்) போட வேண்டும், சுவர் நம்பும்படி இல்லையென்றால் அனுபவமுள்ள ஆளைக் கூப்பிட வேண்டும். துண்டுக் கம்பி எவ்வளவு கெட்டியாக நின்றாலும் அதைப் பிடித்து எழ வேண்டாம் என்று வீட்டிலுள்ள பெரியவர்களிடம் சொல்லிவிட்டு, அவர்கள் கை இயல்பாகப் போகிற உயரத்தில் தனியாக ஒரு கைப்பிடியை மாட்டுங்கள். மாட்டிய பிறகு அவர்கள் தொடுவதற்கு முன், உங்கள் முழு எடையையும் போட்டுத் தொங்கிப் பாருங்கள்.